துருசு தின்ற ஜீப்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜீப்புக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், விடிவதற்கு முன்னால் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுப் பக்கம் போகிற வண்டிகளின் சத்தத்தில் கண் விழிப்பதுதான். 2018இல் உடும்பன்சோலைப் பக்கம் சிறு தோட்டம் வைத்திருந்த ஒருவர், என்னிடம் வாங்கியிருந்த 85,000 ரூபாய் கைமாற்றைத் திருப்ப முடியாமல், "பணத்துக்குப் பதிலா வண்டிய வச்சுக்கங்க" என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்படி வீட்டுக்கு வந்தது அந்த மகேந்திரா எம்.எம். 540. 1994 மாடல். எக்ஸ்.டி.பி. 4.90 என்கிற பியூஜோ வழி டீசல் எஞ்சின், 2112 சிசி. அந்த 4.90க்கு அர்த்தம் நாலு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

வண்டி வந்ததும் நான் செய்த முதல் காரியம் பெயிண்ட் அடித்தது. கரும்பச்சை நிறம், புது கேன்வாஸ் கூரை, சீட்டுக்குப் புது ரெக்சின். 31,000 ரூபாய். தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். முனைப் பட்டறை பாய் மட்டும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து அடியில் பார்த்து, "மேக்கப் நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதத்தில், மிதியடிக்குப் பக்கத்திலும் பின்சக்கர வளைவுக்கு மேலும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே தகரம் இல்லை. பள்ளத்தை அடைக்கப் பூசுகிற பட்டி இருந்தது. பட்டிக்குப் பின்னால் பழைய செய்தித்தாள் இருந்தது.

அந்த 31,000 ரூபாய் இருந்திருந்தால் ஒரு பங்கு வேலை முடிந்திருக்கும் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன். பழைய ஜீப் வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு வருஷம் அதன் அழகில் கை வைக்காதீர்கள். அசிங்கமாகவே ஓட்டுங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே ஊதுகிறது என்று வண்டியே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து ஸ்டார்ட்டிங் தகராறு. மேட்டுக்கு இந்தப் பக்கம் போடியில் வெயில் கொளுத்தும்போது அந்தப் பக்கம் பூப்பாறையில் சாரல் அடிக்கும். ராத்திரி மேலே தங்கிவிட்டுக் காலையில் செல்ஃப் போட்டால் 'ர்ர்... ர்' என்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நின்றுவிடும். பேட்டரி போச்சு என்றார்கள். புது பேட்டரி போட்டேன், பத்து நாள் சரியாக இருந்தது, அப்புறம் அதே கதை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினோம். குளிரில் இந்த எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் அவசியம் என்பதால் அந்த நாலையும் மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் செல்ஃபை நாலைந்து தடவை போட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்த இழுக்கிற கேபிளின் பிடியைத் தற்செயலாகத் தொட்டேன். சுட்டது.

பாயிடம் சொன்னேன். சிரித்தார். "கரண்டு வீட்டுக்குப் போக மெயின் ரோடு இல்ல தம்பி, சந்து வழியா போகுது" என்றார். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, ஒரு கம்பி, சேஸிலிருந்து எஞ்சினுக்கு ஒரு பட்டை. இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் சேஸில் போல்ட் உட்கார்ந்த இடத்தில் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு. செல்ஃப் மோட்டார் கேட்கிற கரண்ட் அந்த வழியில் போக முடியாமல் மெல்லிய கேபிள் உறை வழியாகப் போய் அதைச் சுட வைத்திருக்கிறது. பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி ஆக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. செலவு ஒரு உப்புத்தாள். அதற்கு முன் நான் செலவழித்தது 11,000 ரூபாய்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி, சரியில்லை. என் வண்டியில் இரண்டுக்கு மேல் காட்டியிருந்தது. மீட்டர் இல்லையா, ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவையும் எஞ்சினையும் நேரடியாக இணையுங்கள். செல்ஃப் துள்ளிச் சுற்றினால் விஷயம் தெரிந்துவிட்டது.

இரண்டாவது கதை டீசல். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. பாதி ஏறியதும் எஞ்சின் இருமும், விக்கும், அப்புறம் நின்றுவிடும். இறங்கி ஏர் எடுத்தால், அதாவது ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பைக் கையால் அடித்து நுரை போய் சுத்த டீசல் வரும்வரை விட்டால், மறுபடி ஓடும். மழையில் நனைந்துகொண்டு, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, இதை நான் எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஃபில்டர் இரண்டும் மாற்றினேன். ஃபீட் பம்ப் கிட் மாற்றினேன். எல்லா இணைப்பிலும் தாமிர வாஷர் புதிது போட்டேன். டீசல் ஒரு சொட்டுகூட எங்கும் ஒழுகவில்லை, ஆனால் காற்று மட்டும் எங்கிருந்தோ உள்ளே போனது.

ஒரு விஷயம் கவனித்தது என் மனைவிதான். "டேங்க் நெறைய போட்ட அன்னிக்கு நிக்கிறதே இல்லையே" என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மை. பாதிக்குக் கீழே போனால்தான் வம்பு. பாய் ஒரு ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, பக்கத்து சீட்டின் கீழே கட்டி, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாயை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்தார். மேடு வரைக்கும் ஒரு விக்கல் இல்லை, குழாயில் ஒரு குமிழி இல்லை. அப்படியானால் எஞ்சின் பக்கம் எல்லாம் சுத்தம், தப்பு டேங்கில். டேங்கைக் கழற்றி டீசல் இழுக்கிற குழாயை வெளியே எடுத்தோம். பாதி உயரத்தில் ஊசி குத்தின மாதிரி மூன்று துளைகள். துரு. டீசல் மட்டம் அதற்கு மேலே இருக்கும்வரை டீசலே உள்ளே போகும், கீழே இறங்கிவிட்டால் காற்று போகும். இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, அதனால் கண்ணுக்கும் படாது.

டேங்க் உள்ளே செதில் செதிலாகத் துரு இருந்ததால் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய டேங்க் ஒன்றை பார்சலில் வரவழைத்தேன். கைப்பிடி ஜல்லியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் கழுவி மாட்டினோம். பழைய டேங்கையே வெல்டு வைத்துவிடலாமே என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. காலியான டேங்குதான் வெடிக்கும், டீசல்தானே என்று அலட்சியமாக இருந்து கையை இழந்தவர் ஒருவர் அவருக்குத் தெரிந்தவராம்.

மூன்றாவதுதான் பெரிய கதை. வேகம் ஐம்பதைத் தொட்டால் ஸ்டியரிங் கையில் நிற்காது. சாலையில் சின்னக் குழி ஒன்று போதும், முன்சக்கரம் இரண்டும் பிடிவாதக் குழந்தை தலையை ஆட்டுவதுபோல் ஆட ஆரம்பித்துவிடும். பிரேக் போட்டு இருபதுக்கு வந்தால்தான் அடங்கும். எட்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். டை ராடு எண்டு, அதாவது ஸ்டியரிங் கம்பிகளின் முனை மூட்டு, நாலும் புதிது. டயர் பேலன்ஸ், அலைன்மென்ட். முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் பேரிங், ஷிம். ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் புஷ். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்சம் குறையும், ஆனால் போகாது.

இந்த சோதனையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை எனக்குப் பிறகுதான் சொல்லிக்கொடுத்தார்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங்பின். ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் தெரிவது டை ராடு சமாசாரம். இவை தவிர, சக்கரம் தரையில் இருக்கும்போதே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே ஒருவரை ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் வலம் திருப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். காசே ஆகாத சோதனையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் மேலே உட்கார்ந்து திருப்பினான். நான் டார்ச்சோடு அடியில் படுத்திருந்தேன். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டிக்கு அடியில் யாரோ எப்போதோ பூசிவைத்த தார்ப் பூச்சில் ஒரு கோடு. மகன் இடம் திருப்பினால் அந்தக் கோடு திறந்தது. வலம் திருப்பினால் மூடியது. மீன் வாய் மாதிரி.

அரை மணி நேரம் அப்படியே கிடந்தேன்.

அந்தத் தார்ப் பூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது வண்டியில், சுத்தமான இரும்பின்மேல் அடித்தால் அது நல்லதுதான். துருப் பிடித்த பிறகு அடித்தால் அது துருவுக்குப் போர்வை. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியே பளபளவென்று கறுப்பாக இருக்கும், பார்க்கிறவன் ஏமாந்துபோவான். பழைய ஜீப் வாங்கப் போகிற இடத்தில் அடிப்பாகம் மட்டும் புதுசாகக் கறுப்படித்து இருந்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் வருகிறது. ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்குரு டிரைவரும் கையில் எடுத்துப் போங்கள். சேஸை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். கெட்டது 'சொத்' என்று சொல்லும். சொத் வந்த இடத்தில் ஸ்குரு டிரைவரை அழுத்துங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் டீ சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

கம்பத்திலிருந்து தகடு வேலை செய்கிற ஒரு டிங்கர் அண்ணனை வரவழைத்தோம். அவரும் பாயும் நானும் சேர்ந்து இரண்டு நாள் தாரைச் சுரண்டினோம். தாருக்கு அடியில் துரு அப்பளம் அப்பளமாக உரிந்து வந்தது. ஃப்ளோர் தகட்டுக்கும் அதன் அடியில் ஓடுகிற சேனலுக்கும் இடையில் துரு ஊதி, இரண்டையும் விரல் நுழையும் அளவுக்குப் பிரித்து வைத்திருந்தது. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். வெல்டையே பிய்த்துவிடும் பலம் அதற்கு உண்டு. அந்த இடுக்கிலிருந்து டிங்கர் அண்ணன் கம்பியால் நோண்டி எடுத்த தூள் வெறும் காவி நிறத்தில் இல்லை. நடுநடுவே மயில் கழுத்து நிறம். சில இடங்களில் இரும்பின்மேலேயே புதுப் பாத்திரம் மாதிரி செம்பு மினுக்கம்.

"இது என்னடா இது, துரு பச்சையா இருக்கு" என்றார் அவர்.

வண்டி வந்தது தோட்டத்திலிருந்து என்று நினைத்துப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது. ஏலத்துக்கு மழைக்காலத்தில் வருகிற பெரிய எதிரி அழுகல் நோய். அதற்கு அடிப்பது போர்டோ கலவை: ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். துருசு என்றால் காப்பர் சல்பேட், மயில்துத்தம். கலக்கும்போது பிளாஸ்டிக் பேரலில்தான் கலப்பார்கள், இரும்பில் கலக்கமாட்டார்கள். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, தேய்த்த அரிவாளைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். அரிவாளில் செம்பு நிறம் படிந்தால் துருசு இன்னும் சும்மா இருக்கிறது, சுண்ணாம்பு போடு என்று அர்த்தம். சின்ன வயசில் தோட்டத்தில் இதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். செம்பு வந்து அரிவாளில் உட்காரும்போது அதே அளவுக்கு இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகிறது என்பது அப்போது தெரியாது.

என் ஜீப்பில் எத்தனையோ சீசன் துருசு மூட்டை ஏறியிருக்கிறது. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தினது, பேரலில் அலம்பினது, எல்லாம் ஃப்ளோர் இடுக்கில் இறங்கி, மேலே மழைத் தண்ணீர் பட்டு, வருஷக்கணக்கில் அந்த அரிவாள் சோதனையை நடத்திக்கொண்டே இருந்திருக்கிறது. போதாததற்குப் பொட்டாஷ் மூட்டை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு. வண்டியைச் செய்தவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நல்ல பாத்திரத்தில் புளியைக் கரைத்து இருபது வருஷம் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது.

இதனால் எங்கள் வேலையே மாறிப்போனது. சாதாரணத் துரு என்றால் சுரண்டி, அரைத்து, பிரைமர் அடிக்கலாம். செம்புத் துகள் இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஈரம் பட்டதும் பக்கத்து இரும்பை அது மறுபடி தின்னும். அதனால் முதலில் கழுவல். பிரஷர் வாட்டரில் மூன்று நாள், இடுக்கெல்லாம் விட்டு விட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டு, மறுபடி கழுவி. அதன் பிறகுதான் கிரைண்டர். செம்பு மினுக்கம் கொஞ்சமும் கண்ணில் படாமல் போகும்வரை விடவில்லை. உரம், மருந்து, கோழி எரு, மீன் பெட்டி எது ஏற்றின வண்டியானாலும் கிரைண்டரைத் தொடும் முன்னால் தண்ணீரைத் தொடுங்கள்.

இன்னொன்று. கிரைண்டரை எடுக்கும் முன்னால் சேஸ் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். எனக்கு 2019இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது, 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சடங்கு உண்டு. சேஸ் நம்பரின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். அந்த நம்பர் கிரைண்டரில் போய்விட்டால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் இரும்புதான்.

சேஸ் விரிசலைச் சரிசெய்தது இப்படி. விரிசல் முடிகிற இடத்தைக் கண்டுபிடித்து டிங்கர் அண்ணன் அங்கே 3 மி.மீ. துளை போட்டார், அந்தத் துளை இல்லாவிட்டால் வெல்டுக்கு அப்பாலும் விரிசல் ஓடும். பிறகு கோட்டை 'வி' மாதிரி அரைத்து, வெல்டு நிரப்பி, மட்டமாக்கி, அதன்மேல் பலத்துக்கு ஒரு இரும்புத் தகடு, ஃபிஷ் பிளேட் என்பார்கள். அப்படியொரு பிளேட்டைச் சதுரமாக வெட்டிவைத்திருந்த வேறொரு வெல்டரின் வேலையை டிங்கர் அண்ணன் எனக்குக் காட்டினார்: சேஸுக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டு ஓடினால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே வரும். முனையைச் சாய்வாக, பட்டம் மாதிரி வெட்ட வேண்டும். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே வெல்டு வைக்கவே கூடாது. வெல்டு வைக்கும் முன்னால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட்டோம்.

போல்ட் கழற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. பாடியை சேஸோடு பிடித்திருக்கிற போல்ட்டில் பாதிக்கு மேல் உடைந்துபோயின. நான் ஸ்பேனரை மாட்டி இடப்பக்கம் முழு பலத்தோடு இழுத்தேன், பட்டென்று தலை கையோடு வந்தது. பாய் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். "மொதல்ல இறுக்கு" என்றார். இறுக்குகிற பக்கமே ஒரு மயிரிழை திருப்பினார். 'கிரீச்'. அப்புறம் இந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி அந்தப் பக்கம். முரண்டு பிடித்த இரண்டு போல்ட்டுக்கு கேஸில் சூடு காட்டி, சிவக்கும் முன்னால் நிறுத்தி, மெழுகுவர்த்தியை மரையின் வாயில் வைத்தார். மெழுகு உருகி இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்து இரண்டும் கழன்றன. முதல் நாள் ராத்திரியே டீசல் விட்டு ஊறவைத்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

ஃப்ளோர் வேலையில் நாங்கள் ஒரு பெரிய தப்புச் செய்தோம். அவசரத்தில் இரண்டு பக்க ஃப்ளோரையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டோம். புதுத் தகடு வைத்து வெல்டெல்லாம் முடித்து, பின்கதவைச் சாத்தினால் சாத்தவில்லை. ஃப்ளோர் இல்லாமல் நின்ற பாடி இரண்டு பக்கமும் விரிந்துகொண்டுவிட்டது. பாதி வெல்டை அறுத்து, சங்கிலி கட்டி, ஜாக்கி வைத்து நெருக்கி, மறுபடி வெல்டு வைக்க நாலு நாள் ஆனது. வெட்டும் முன்னால் ஏறி இறங்குகிற வாய்க்குக் குறுக்கே ஆங்கிள் கம்பியைத் தற்காலிகமாக வெல்டு வைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும்.

ஃப்ளோருக்கு 16 கேஜ் சி.ஆர். தகடு போட்டோம், அதாவது 1.6 மி.மீ. 18 கேஜ் போதும், வளைக்கச் சுலபம் என்றார் தகடு விற்றவர். மேல்பக்கத்துக்குச் சரி, கால் வைத்து மிதிக்கிற, மூட்டை போடுகிற இடத்துக்கு அது போதாது. வீட்டுக் கூரைக்குப் போடுகிற துத்தநாகம் பூசின தகட்டை வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. வெல்டு பிடிக்கிற இடத்தில் துத்தநாகம் எரிந்து வருகிற வெள்ளைப் புகை நெஞ்சுக்கு ஆகாது. வெல்டும் சுத்தமாகப் பிடிக்காது. மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங் ஓட்டை போடும். கார்பன்டைஆக்சைடு வெல்டிங் மெஷின் உள்ள ஆளைப் பிடியுங்கள். அதிலும் ஒரேயடியாக ஓட்டாமல், இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, அப்புறம் எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் தகடு அப்பளம் பொரிவது மாதிரி நெளிந்துவிடும்.

அரைத்தும் முழுதாகப் போகாத மெல்லிய துருவுக்கு, பெயிண்ட் கடையில் கிடைக்கிற துரு மாற்றி அடித்தோம். காவி நிறம் கண்ணெதிரே கறுப்பாகும். அதில் சில வகைகளில் இருப்பது டானின். கடுக்காயில் இருக்கிற அதே துவர்ப்புச் சத்து. கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறவர்கள், கடுக்காயில் முக்கின துணியில் இரும்பு ஊறின தண்ணீரால் வரைவதும் இதே வேலைதான். ஆனால் செதிலாக நிற்கிற துருவின்மேல் இதை அடித்தால் செதில்தான் கறுப்பாகும், அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர். அதை அடித்துவிட்டு மழையில் ஒரு மாதம் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தை அது முழுதாகத் தடுக்காது. மேலே பெயிண்ட் வந்தால்தான் அதற்கு மரியாதை. எங்கள் வண்டிக்கு அடிப்பக்கம் எபாக்ஸி பிரைமர் அடித்தோம், விலை கூடுதல்தான். தகடும் தகடும் சேர்கிற எல்லா இணைப்பிலும் சீலர்.

சேஸின் மூடின பகுதிகளுக்குள் எதை விடுவது என்று பட்டறையில் பெரிய விவாதம். சர்வீஸ் ஸ்டேஷனில் பழைய எஞ்சின் ஆயிலை அடியெல்லாம் தெளிக்கிறது நம் ஊர் வழக்கம். அதை முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன், இரும்புக்கு அது நல்லதே செய்கிறது. ஆனால் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக் டிரம்முக்குள் போனால் லைனிங் போச்சு, புழுதி ஒட்டி அடுத்த ரிப்பேருக்குப் போகிறவன் சட்டை போச்சு. நான் சேஸ் உள்ளே மெழுகு கலந்த ஸ்பிரேயை நீளக் குழாய் வைத்து அடித்தேன். அதைவிட முக்கியமாக, சேஸின் அடியிலுள்ள தண்ணீர் வடிகிற துளைகளை எல்லாம் கம்பி விட்டுத் திறந்தோம். ஒரு துளையிலிருந்து மட்டும் இரண்டு சிரட்டை மண் கொட்டியது. அதில் ஒரு ஏல விதை முளைவிட்டிருந்தது.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் அதிர்ஷ்டம்தான் என்னைக் காப்பாற்றியது. எல்லாம் முடித்து வண்டியை இறக்குவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே பெடலை முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிஷம் பிடி என்றார் பாய். பத்து விநாடியில் பெடல் பொசுக்கென்று தரையைத் தொட்டது. பின் ஆக்சில் மேல் போகிற ஸ்டீல் பைப், கிளிப் பிடித்திருந்த இடத்தில் துருப்பிடித்துத் தாள் மாதிரி ஆகியிருந்தது, வெடித்துவிட்டது. பட்டறை முற்றத்தில் வெடித்தது நாலாவது வளைவில் வெடித்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. எல்லா பைப்பும், வீல் சிலிண்டரும் புதிது போட்டேன். தாமிரக் குழாயை வளைத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். அதிர்வில் தாமிரம் இறுகி விரிசல் விடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன். மலை இறங்கும்போது, அந்த ஏற்றத்தை எந்த கியரில் ஏறினேனோ அதே கியர்.

மொத்தச் செலவு, அந்த முதல் பெயிண்டைச் சேர்க்காமல், 1,42,000 ரூபாய். வண்டியின் விலையைவிட அதிகம். வீட்டில் இதை ஒரே நாளில் சொல்லவில்லை, தவணை முறையில் சொன்னேன்.

2024இல் இரண்டாவது தடவை ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. இப்போது துருசு மூட்டை கேட்டால் ஏற்றுவதில்லை. ரொம்ப வேண்டியவர் என்றால் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தொட்டி வைத்துத்தான். மேலே போய்விட்டு வந்தால் அன்றைக்கே அடியில் தண்ணீர் அடித்து, நாலு மூலை வடிகால் துளையிலும் கம்பி விடுவேன். போன வாரம் கழுவும்போது முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில், ரப்பருக்குப் பக்கத்தில், கடுகு அளவில் ஒரு கொப்புளம் பார்த்தேன். ரப்பரைக் கழற்றாமல் அதன் ஆழம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் பாய். புது ரப்பரை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள், பழசு கையோடு பிய்ந்து வரும் என்றும் சொல்லியிருக்கிறார்.